பௌத்த சாப்லின்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் இவர் யார்? என்ன செய்வார்?

‘சாப்லின்’ என்றதும் பலருக்குத் தொப்பியும் கைத்தடியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அமெரிக்காவில் படிக்கப் போகிறவர்களுக்கு இந்தச் சொல் வேறு அர்த்தத்தில் அறிமுகமாகும். பல பல்கலைக்கழகங்களில் கிறிஸ்தவ, யூத, முஸ்லிம், இந்து சாப்லின்களோடு பௌத்த சாப்லினும் இருக்கிறார். ‘நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கடந்துபோகிறவர்களே அதிகம். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

யார் இந்த சாப்லின்?

4-ம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித மார்ட்டினின் மேலங்கியைப் பாதுகாத்த குருமார்களிடமிருந்து வந்த பெயர் இது. இன்றைக்கு ராணுவம், மருத்துவமனை, சிறை, பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் மனிதர்களுக்கு ஆன்மிகத் துணையாக இருப்பவரை இப்படி அழைக்கிறார்கள். மத நம்பிக்கை உள்ளவர்களுக்கு மட்டுமான வேலை என்றும் இதை நினைக்க வேண்டாம். ஹார்வர்டில் பல மதங்களையும் சேர்ந்த 40-க்கும் மேற்பட்ட சாப்லின்கள் 2021-ல் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்த கிரெக் எப்ஸ்டீன், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்.

பௌத்த சாப்லினின் வேலை என்ன?

வாராந்திரத் தியானம், வெசாக் கொண்டாட்டம், மாணவர் யாராவது இறந்தால் அஞ்சலிக் கூட்டம் எல்லாம் நடத்துவார். ஆனால், முக்கியமான வேலை தனியாக உட்கார்ந்து காது கொடுப்பதுதான். பௌத்தத்தில் இதற்குப் பழைய பெயர் உண்டு: கல்யாண மித்திரர், அதாவது நல்வழித் துணையாக இருக்கும் நண்பர். நல்ல நட்பு ஆன்மிக வாழ்வின் பாதி என்று ஆனந்தர் சொன்னபோது, பாதியல்ல, முழுவதுமே அதுதான் என்று புத்தர் திருத்தியதாகப் பாலி சூத்திரம் கூறுகிறது.

கவுன்சலிங்கிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

மனநல ஆலோசகர் பிரச்சினையைக் கண்டறிவார், சிகிச்சை தருவார், குறிப்பேடு வைத்திருப்பார். சாப்லின் நோயைக் கண்டறிவதில்லை, கட்டணமும் வாங்குவதில்லை. ஊரில் அப்பா இறந்துவிட்டார், விசா சிக்கலால் போக முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துக்கம் வியாதி இல்லை. ஆனாலும், அதைத் தனியாகச் சுமக்க முடியாது. அந்த இடத்தில்தான் சாப்லின் தேவைப்படுகிறார்.

ரகசியம் இன்னொரு காரணம். மாணவர் பாலியல் துன்புறுத்தலைப் பற்றிச் சொன்னால், பல பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் அதை நிர்வாகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சாப்லின்களுக்குப் பொதுவாக இதில் விலக்கு உண்டு. ஆனால், உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது. எனவே பேச்சைத் தொடங்கும்போதே, ‘நான் சொல்றது வெளியே போகுமா?’ என்று கேட்டுவிடுவது நல்லது.

என்ன படித்திருப்பார்கள்?

துறவியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பலர் சுமார் 3 ஆண்டு இறையியல் முதுநிலைப் படிப்பை முடித்தவர்கள். ஹார்வர்டு இறையியல் பள்ளி பௌத்த சேவைக்கான பயிற்சித் திட்டத்தை 2011-ல் தொடங்கியது. கொலராடோவின் நரோபா பல்கலைக்கழகத்திலும் கலிஃபோர்னியாவின் யுனிவர்சிட்டி ஆஃப் தி வெஸ்ட்டிலும் இதற்கான படிப்புகள் இருந்துவந்திருக்கின்றன. பெரும்பாலும் மருத்துவமனைகளில் நடக்கும் களப்பயிற்சியும் உண்டு. அதன் ஒரு கட்டம் மட்டும் 400 மணி நேரம். இந்த முறையை 1925-ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஆன்டன் பாய்சன், தானே மனநோய்க்காக மருத்துவமனையில் இருந்து மீண்டவர்.

‘மதம் மாத்திடுவாங்களா?’

பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. மதமாற்ற முயற்சி சாப்லின்களின் தொழில் நெறிக்கு எதிரானது. நீங்கள் பௌத்தராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உண்மையான சிக்கல்கள் வேறு. முதலாவது, பணம். பல இடங்களில் பல்கலைக்கழகம் சம்பளம் தருவதில்லை. அந்தந்தச் சமய அமைப்புகளோ நன்கொடையாளர்களோதான் தர வேண்டும். பெரிய திருச்சபை போன்ற அமைப்பு இல்லாத பௌத்தத்தில் பகுதிநேர, தன்னார்வப் பணி சகஜம். இரண்டாவது, ஒரே ஆள் எல்லோருக்குமானவராக இருக்க வேண்டும். மன அழுத்தத்தைக் குறைக்க வரும் அமெரிக்க மாணவருக்கு மூச்சுப் பயிற்சி போதும். பாட்டியை இழந்த வியட்நாமிய மாணவிக்கு வேண்டியது, வீட்டில் கேட்டுப் பழகிய ஓதல். தியானச் செயலியால் முதலாமவருக்கு ஓரளவு உதவ முடியும்; இரண்டாமவருக்கு ஒரு மனிதர்தான் வேண்டும்.

என்ன செய்யலாம்?

வெளிநாடு போகும் முன்பே பல்கலைக்கழக இணையதளத்தில் ‘ஆன்மிக வாழ்வு’ பிரிவைத் தேடி, தொடர்பு எண்ணை போனில் சேமித்து வையுங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் சாப்லினுக்காகக் காத்திருக்க வேண்டாம்; அமெரிக்காவில் 988-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். மற்றபடி, ‘இது ஒரு பெரிய பிரச்சினையா, இதுக்குப் போய் யாரைத் தொந்தரவு பண்றது?’ என்று தோன்றும் நாளில் தாராளமாக அந்தக் கதவைத் தட்டலாம். அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்.