இயற்கை விவசாயமும் சான்றிதழும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் நிலம் வைத்திருப்போர் நம் சங்கத்திலும் உண்டு. "ரசாயன உரம் போடாமல் பயிர் செய்தால் போதாதா, சான்றிதழ் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிய பாதை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ரயில் பாதுகாப்பு ஆணையர் அனுமதிக்காமல் அதில் பயணிகள் வண்டி ஓடாது. பாதை நன்றாக இருப்பது வேறு, முன்பின் தெரியாதவர் அதை நம்பி ஏறுவது வேறு. விளைபொருளும் அப்படித்தான்.

ஆகவே, யாருக்கு விற்கப் போகிறோம் என்பதை விவசாயி முதலில் முடிவு செய்ய வேண்டும். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மிகாத சிறு விவசாயி, உண்பவருக்கே நேரடியாக விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை. உள்நாட்டுக் கடைகளுக்கு விற்க 'பி.ஜி.எஸ்.' முறை உண்டு. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி செய்வார்கள். செலவு குறைவு. தோத்தாபுரி மாங்கூழ் போல வெளிநாடு செல்லும் சரக்குக்கு இது செல்லாது. அதற்கு 2001 முதல் நடைமுறையில் உள்ள தேசியத் திட்டத்தின்கீழ், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஆண்டுதோறும் வந்து ஆய்வு செய்ய வேண்டும். கட்டணமும் உண்டு, கணக்கு வழக்கும் உண்டு.

இதைவிடப் பெரிய சிரமம் காத்திருப்பு. இந்தத் தேசியத் திட்டத்தில், நெல், வேர்க்கடலைக்கு விதைப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகள், மாமரத்துக்கு அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகள் ரசாயனமின்றிப் பராமரித்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையலாம். இயற்கை விளைபொருளுக்குரிய விலையோ கிடைக்காது.

ஆந்திர அரசு 2016-லிருந்து இயற்கை வேளாண்மைப் பயிற்சி அளித்து வருகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானமும் 2021-ல் இவ்வகை விளைபொருட்களை வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. இவை நல்ல ஊக்கம். ஆனால் நிலம் தம்முடையதாக இல்லாத குத்தகை விவசாயிக்கு இது போதுமா? 2019-ல் ஆந்திராவில் வந்த சாகுபடியாளர் சட்டம் 11 மாத ஒப்பந்தத்துக்கே வழி செய்தது. அடுத்த ஆண்டு அந்த நிலம் தம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், மூன்று ஆண்டு நஷ்டத்தை எப்படித் தாங்குவார்?

ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இயற்கை முறையில் பயிரிடச் சொல்லுமுன், குறைந்தது நான்கைந்து ஆண்டுகளுக்கு எழுத்து மூலம் உறுதி கொடுங்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குத்தகையையும் குறைத்துக்கொள்ளுங்கள்.