பிறப்பு நிறையும் பிள்ளை நலமும்

தேயிலைத் தோட்ட வாழ்விலே தராசு இரண்டு உண்டு. ஒன்று மலையிலே கொழுந்தை நிறுப்பது; மற்றையது பிரசவ அறையிலே குழந்தையை நிறுப்பது. பதுளை நகருக்கு அணித்தாய், நமுனுகுல மலைச்சாரலிலே அமைந்த ஸ்பிரிங்வெளியில் முதலாவது தராசின் கணக்கை அறியாதார் இலர். கொழுந்து குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும் என்பதைச் சிறுவரும் சொல்வர். இரண்டாவது தராசு காட்டும் எண்ணோ ஏட்டிற் பதியப்பட்டு, விரைவில் மறக்கப்படுகின்றது. ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதையும் தொடர்ந்து செல்லும் அவ்வெண் கூறும் பொருள் யாது என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

பின்லாந்து தேசத்துக் குழந்தை வைத்தியரான ஆர்வோ யுல்ப்போ என்பவர், 1919 ஆம் ஆண்டில், 2500 கிராம் நிறையை ஓர் எல்லையாக வகுத்தார். பழைய அளவில் அஃது ஏறத்தாழ ஐந்தரை இறாத்தலாகும். அவ்வெல்லைக்குட்பட்ட குழந்தைகள் யாவும் குறைமாதப் பிள்ளைகள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. ஆயின், அவற்றுட் பல மாதம் நிறைந்தே பிறந்தவை என்பது பின்னர்ப் புலனாயிற்று. ஆதலின் 1961 இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு, 'குறைமாதம்' என்னும் பெயரை விடுத்து, 'குறைந்த பிறப்பு நிறை' என வழங்குமாறு விதித்தது. பெயர் மாற்றம் சிறிதாயினும் அதன் வழி விளைந்த தெளிவு பெரிது.

எடை குறைந்த குழந்தைகள் இருவகைப்படும். முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறப்பது ஒருவகை. இது காற்றுக்கு உதிர்ந்த காய் போன்றது. காலம் நிறைந்தும் கருப்பையில் வளர்ச்சி குன்றிப் பிறப்பது மற்றொருவகை; இது நீரும் உரமும் காணாத மரத்திற் பழுத்த சிறுகனி போன்றது. இவ்விரு குறையும் ஒரே குழந்தையிடம் கூடி நிற்றலும் உண்டு.

முதலாம் வகைக் குழந்தைக்கு முதற்பகை மூச்சுத் திணறலாகும். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாது காக்கும் ஒருவகைப் பசைப்பொருள் கருவின் இறுதி வாரங்களிலேயே போதிய அளவு சுரக்கின்றது. 1963 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் ஆண்மகவு ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இக்குறையினால் இரண்டு நாள் நிறையுமுன் இறந்தது. அன்று பெருஞ்செல்வமும் பேரதிகாரமும் காக்க இயலாத அத்தகைய குழந்தை இன்று பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 1972 இல் நியூசிலாந்தைச் சேர்ந்த லிகின்ஸ், ஹவி என்னும் வைத்தியர் இருவர், குறைமாதத்தில் நோவு கண்ட தாய்க்கு ஒரு மருந்தூசி ஏற்றினால் கருவின் நுரையீரல் விரைவில் முதிரும் எனக் காட்டினர். ஏழாம் மாதப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதப் பிள்ளை தப்பாது எனத் தமிழரிடை வழங்கும் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. கருவறையிற் கழியும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு ஊதியமே.

எனினும், தென்னாசிய நாடுகளில் இரண்டாம் வகையே மிகுதி. மலைநாட்டுத் தோட்டங்களின் துயரும் பெரும்பாலும் அதுவே. 2006–07 ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த குடித்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி, நாடளாவிய நிலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன; தோட்டப் பகுதிகளிலோ அத்தொகை ஏறத்தாழ 31 ஆயிற்று. 2016 ஆம் ஆண்டு மதிப்பீட்டில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளாவ நூற்றுக்கு 17 ஆக, தோட்டங்களில் 32 ஆகக் காணப்பட்டனர். கருவிலே குன்றிய வளர்ச்சி பிறந்தபின்னும் தொடர்ந்து செல்லுதலை இவ்விரு கணக்கும் காட்டுவனவாம்.

"எங்கள் இனம் சிறுத்த இனம், பிள்ளையும் சிறுத்தே பிறக்கும்" என்பாரும் உளர். இக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நோர்வே, பிரேசில், ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து, நல்லுணவும் நற்சூழலும் பெற்ற பிள்ளைகள் எந்நாட்டினராயினும் பெரும்பாலும் ஒத்தே வளர்வர் என 2006 இல் வெளியிட்டது. ஆகவே, குறையைக் குலத்தில் தேடாது வாழ்நிலையில் தேடுதல் வேண்டும்.

அவ்வாறு தேடுமிடத்து முதலிற் காண்பது தாயின் இரத்தச் சோகை. இரும்புச்சத்துக் குறைந்த உணவு ஒருபுறம், கொக்கிப்புழு மற்றொருபுறம். இப்புழுவை ஒழிக்கும் முயற்சி ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் 1916 அளவிலேயே இலங்கைத் தோட்டங்களில் தொடங்கிற்று. கருப்பிணிகளுக்குப் புழு மருந்து கொடுத்தலின் பயனை ஆராய்ந்த இலங்கை வைத்தியர்கள், 1999 இல் லான்செற் சஞ்சிகையில் தம் முடிவை வெளியிட்டனர். மருந்துண்ட தாயரிடத்து 1500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகள் நூற்றுக்கு 1.1, உண்ணாதாரிடத்து 2.3. சிறு மாத்திரையொன்றோடு இத்துணை வேறுபாடு காணப்பட்டமை சிந்திக்கத்தக்கது.

இன்னும் சில காரணங்கள் அன்றாட வாழ்விலே மறைந்து கிடக்கின்றன. காலையில் ரொட்டியோடு பருகும் சாயத்தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காதவாறு தடுக்கின்றது. உலகிற்கெல்லாம் தேயிலை பறித்துத் தருபவளின் இரத்தத்தை அத்தேயிலையே மெலிவிக்கின்றது. உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணிநேர இடைவெளி விட்டால் இத்தீங்கு பெரிதும் குறையும். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும், காற்றோட்டமற்ற லயக் காம்பராவில் நிறையும் விறகுப் புகையும் கருவின் வளர்ச்சியைக் குன்றச் செய்வன. பிரசவம் எளிதாகும் எனக் கருதிக் குறைவாக உண்ணும் பழைய வழக்கமும் தீதே.

இதன் விளைவு குழந்தைப் பருவத்தோடு ஒழிவதன்று. எடை குறைந்த பிள்ளை குளிரையும் தொற்றுநோயையும் தாங்காது; இரத்தத்திற் சர்க்கரை குறைந்தும் வாடும். பின்னர் வளர்ச்சியிலும் கல்வியிலும் பின்தங்க நேரலாம். இங்கிலாந்திலே ஹாட்போட்ஷயர் பகுதியில் 1911 முதல் 1930 வரை பிறந்த ஆண்மக்களின் பழைய பிறப்பேடுகளை டேவிட் பாக்கர் என்னும் பேராசிரியரும் துணைவரும் தேடி ஆராய்ந்தனர். நிறை குறைந்து பிறந்தோரே இருதயநோயினால் மிகுதியாக இறந்தனர் என 1989 இல் அவர்கள் அறிவித்தனர். இந்தியாவிலே பூனா நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஆராய்ந்த வைத்தியர் யாக்னிக், அவ்வூர்ப் பிள்ளைகள் நிறையிற் சிறியராயினும் உடற்கொழுப்பில் அத்துணை குறையாதவர் எனக் கண்டார். பிற்கால நீரிழிவுக்கு இஃது ஒரு வித்தாகலாம் என்பது அவர் கருத்து. கருவிலே பட்டினியறிந்த உடல் பின்னர் உணவு மிகும்போது தடுமாறுகின்றது.

இனிப் பரிகாரம் யாது? இருபத்தெட்டாம் வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோவாக உள்ள கரு, நாற்பதாம் வாரத்தில் மூன்று கிலோவாக வேண்டும். எனவே நிறையில் மூன்றில் இருபங்கு கடைசி மூன்று மாதத்திலேயே சேர்கின்றது. 1939 ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், எல்லாப் பிரசவத்திற்கும் 84 நாளென வகுத்த 2018 ஆம் ஆண்டுத் திருத்தமும் போற்றற்குரியன. எனினும் அவற்றுள் பிரசவத்திற்கு முந்தியது இரு வாரமே. கரு விரைந்து வளரும் காலத்தின் பெரும்பகுதியில் தாய் கூடை சுமந்து மலையேறுகின்றாள். அக்காலத்தில் இலேசான வேலையும் நல்லுணவும் அளித்தல் தோட்ட நிருவாகத்தாரின் கடமையாகக் கொள்ளப்படல் வேண்டும். 1973 முதல் வழங்கப்படும் திரிபோஷ சத்துமா, 2022 இன் பொருளாதார நெருக்கடியில் தடைப்பட்டமை போன்ற நிலை மீண்டும் வாராதிருத்தல் வேண்டும். கிடைக்கும் மாவையும் வீட்டார் பகிர்ந்துண்ணாது கருப்பிணிக்கே விடுதல் நன்று.

பிறந்த சிறு பிள்ளைக்கோ தாயின் மார்பே சிறந்த இல்லம். 1978 அளவில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், கருவிகள் போதாத வைத்தியசாலையொன்றில், எட்கார் ரேய் என்னும் வைத்தியர் குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை எனப் பெயர்பெற்ற இதனை உலகம் இன்று ஏற்றுள்ளது. ஊவா மலைக் குளிரிலே, செலவின்றிக் கைக்கொள்ளத்தக்க முறை இது. தாய்ப்பாலும் இதனோடு எளிதிற் கிடைக்கின்றது.

ஆயினும், இவை யாவற்றுக்கும் முந்திய பரிகாரம் ஒன்றுண்டு. தாயாகப் போகின்றவளின் இரத்தமும் எலும்பும் அவள் பாடசாலை செல்லும் பருவத்திலேயே அமைகின்றன. பதினைந்து வயதிற் சோகையுற்று, வகுப்பிலே கண்ணயரும் மாணவியைச் சோம்பேறி என்று கடியும் ஆசிரியர், பத்தாண்டின் பின் பிறக்கவுள்ள ஓர் எடை குறைந்த குழந்தையையே காண்கின்றார் என்பதை உணர்தல் வேண்டும். அவளுக்கு வாரந்தோறும் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை, காலையில் ஒருபிடி கீரையும் பருப்பும், இளவயது மணத்தைத் தவிர்க்கும் கல்வி ஆகிய மூன்றும் மருத்துவமாது வீடு தேடி வருமுன்னரே செய்யத்தக்கவை. கொழுந்தின் நிறையில் ஒரு கிராமும் தவறாது கணக்கெடுக்கும் சமுதாயம், தன் குழந்தைகளின் நிறையையும் அவ்வாறே கணக்கெடுக்கும் நாள், மலைநாட்டின் நன்னாளாகும்.