சுருட்டை உரோமப் பூனை

பூனையின் உரோமம் நேராகவே இருக்குமென்று நாம் எண்ணுகிறோம். ஆனால் 1950ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கோண்வால் பகுதிப் பண்ணையொன்றில், ஒரு தாய்ப்பூனை ஈன்ற ஐந்து குட்டிகளுள் ஒன்று மட்டும் சுருட்டை உரோமத்துடன் பிறந்தது. அதன் வழிவந்த இனமே கோணிஷ் றெக்ஸ். நீண்ட மேலுரோமம் இதற்கில்லை. பட்டுப்போன்ற அடியுரோமமே அலையலையாக உடலைத் தழுவிக் கிடக்கும். தொட்டால் வெதுவெதுப்பு, குளிரோ இதற்கு ஆகாது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் அவ்வியல்பு வந்தாலன்றிச் சுருள் தோன்றாது. ஆதலால் அந்த முதற் பூனையை அதன் தாயுடனேயே இணைத்தனர். சுருட்டைக் குட்டிகள் பிறந்தன. ஆயினும் நெருங்கிய உறவிலேயே இணைப்புத் தொடர, இனம் நலிந்தது. பிற பூனைகளின் கலப்பாலேயே அது பிழைத்தது. அழகைப் போற்றும் நாம் உயிரின் நலத்தையும் போற்றவேண்டுமன்றோ?