உங்களுக்குத் தெரியுமா? ஐம்பது பேருக்கு ஒரு பீன்ஸ் விருந்து

அமெரிக்காவில் தேவாலய விருந்தோ, குடும்பம் ஒன்றுகூடும் நாளோ, ஜூலை 4 சுதந்திர தினக் கொண்டாட்டமோ, மேசையில் பேக்டு பீன்ஸ் இருந்தே தீரும். இது பச்சைக் காய் அல்ல. முற்றி உலர்ந்த விதையை வேகவைத்து, இனிப்பும் புளிப்பும் கலந்த சாற்றில் ஓவனில் வைத்துச் சுண்டச் செய்யும் உணவு. மாட்டுக் கொத்துக்கறியும் சேர்ந்துவிட்டால் தொட்டுக்கொள்ளும் பதார்த்தமே வயிறு நிறையும் சாப்பாடாகிவிடும். இதில் விலை உயர்ந்த சாமான் எதுவும் கிடையாது. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் சேர்ப்பது என்ற வரிசையில்தான் ருசியும் பாதுகாப்பும் அடங்கியிருக்கின்றன.

ஓய்வுநாளுக்கு முன்பே தயார்
அந்தக் காலத்தில் பாஸ்டன் பகுதியில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களுக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். அதன்பின் வீட்டில் வேலை கூடாது. அதனால் சனிக்கிழமை பகலிலேயே பீன்ஸ் பானையை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். அன்றிரவு சுடச்சுடச் சாப்பிட்டது போக, மிச்சம் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆகும். சில ஊர்களில் பேக்கரிக்காரர் வீடு வீடாகப் பானைகளை வாங்கிப் போய், பொது அடுப்பில் வைத்துச் சுட்டுத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. 1993ல் மாசசூசெட்ஸ் மாநிலம் பேக்டு பீன்ஸுக்கான சின்ன வெள்ளை நேவி பீன்ஸைத் தன் அதிகாரப்பூர்வ பீன்ஸாகவே அறிவித்தது.

பாகுக்குப் பின்னால் ஒரு துயரம்
பாஸ்டன் பீன்ஸின் கரு நிறமும் லேசான கசப்பு கலந்த இனிப்பும் மொலாசஸால் வருபவை. கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தபின் எஞ்சும் கெட்டிப் பாகு அது. கரீபியன் தீவுகளின் தோட்டங்களில் அடிமைகளாக வதைபட்ட ஆப்பிரிக்க மக்களின் உழைப்பில் விளைந்து, கப்பலேறி பாஸ்டனுக்கு வந்தது. 1733ல் பிரிட்டன், பிற நாட்டுக் காலனிகளிலிருந்து வரும் மொலாசஸ் மீது காலனுக்கு 6 பென்ஸ் வரி போட்டது. 1919 ஜனவரி 15 அன்று, தொழிற்சாலை ஆல்கஹால் தயாரிப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த மொலாசஸ் தொட்டி ஒன்று பாஸ்டன் நகரில் உடைந்தது. தெருவில் பாய்ந்த பாகில் சிக்கி 21 பேர் உயிரிழந்தார்கள்.

மண்ணுக்குள் வேகும் பானை
மெய்ன் மாநிலத்தின் மரவெட்டி முகாம்களில் பிரபலமாக இருந்த முறை இது. ஆழமாகக் குழி வெட்டி, கல் பாவி, கெட்டி விறகைப் போட்டு மணிக்கணக்கில் எரிப்பார்கள். விறகு தணலானதும், முக்கால் வேக்காடு வெந்த பீன்ஸ், உப்புக்கண்டப் பன்றிக்கறி, வெங்காயம், கடுகுப் பொடி, மொலாசஸ் எல்லாம் நிறைத்த வார்ப்பிரும்புப் பானையை இறுக மூடி உள்ளே இறக்குவார்கள். மேலே தணல், அதன்மேல் மண். மறுநாள் தோண்டி எடுத்துத் திறந்தால் விதை ஒவ்வொன்றும் உடையாமல், பாகில் ஊறிப் பளபளத்துக் கிடக்கும். மெய்ன் ஊர்களில் நடக்கும் விருந்துகளில் இன்றும் இப்படிச் சமைக்கிறார்கள்.

மூன்று நிற பீன்ஸ், ஒரே தட்டு
பாஸ்டன் வகையில் பன்றிக்கறிதான். மாட்டுக் கொத்துக்கறி போடும் வகைக்குக் காலிக்கோ பீன்ஸ், கௌபாய் பீன்ஸ் என்று பெயர்கள் உண்டு. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் இதற்கு நிரந்தர இடம். காலிக்கோவில் வழக்கமாக நேவி பீன்ஸ், நம் கடைகளில் ராஜ்மா என்று விற்கும் சிவப்பு பீன்ஸ், டபுள் பீன்ஸ் மூன்றும் சேரும். கூடவே வெங்காயம், தக்காளி கெச்சப், பழுப்புச் சர்க்கரை, கடுகு விழுது, வினிகர்.

ராஜ்மாவை அரைவேக்காட்டில் விடவே கூடாது
பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சுப் புரதம் ஒன்று இருக்கிறது. நான்கைந்து விதை உள்ளே போனாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்க விட வேண்டும். மின்சார ஸ்லோ குக்கரில் பச்சையாகவே போட்டு மூடுவது ஆபத்து. 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நின்றுவிடும் சூடு இந்த நச்சைக் கூட்டிவிடக்கூடும். டப்பாவில் வருபவை ஏற்கெனவே வெந்தவை. அவற்றில் இந்தக் கவலை இல்லை.

வெந்ததா என்று ஊதிப் பாருங்கள்
பாஸ்டனும் மெய்னும் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதிப் பாட்டிமார்களின் சோதனை இது. கொதிக்கும் பானையிலிருந்து நாலைந்து விதைகளைக் கரண்டியில் அள்ளி, மேலே லேசாக ஊத வேண்டும். தோல் வெடித்துச் சுருண்டு பிரிந்தால் பதம் வந்துவிட்டது, ஓவனுக்குப் போகலாம். தோல் அசையாமல் இருந்தால் இன்னும் கொதிக்கட்டும்.

இனிப்பும் புளிப்பும் பிறகுதான்
கெச்சப், வினிகர், மொலாசஸ் மூன்றையும் வேகாத பீன்ஸில் ஊற்றிவிட்டால் எவ்வளவு நேரம் எரித்தாலும் விதை மெத்தென்று ஆகாது. விதையின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் அது மிருதுவாகும். புளிப்பும், மொலாசஸில் உள்ள கால்சியமும் அந்தப் பெக்டினைக் கரைய விடாமல் இறுக்குகின்றன. நன்றாக வெந்த பீன்ஸுக்கு இதே குணம் நன்மையாகிறது. மணிக்கணக்கில் ஓவனில் இருந்தாலும் குழையாமல் உருவம் காப்பது இதனால்தான். உப்புநீரில் ஊறவைத்தால் தோல் சீக்கிரம் இளகும். மிகப் பழைய பீன்ஸ் எதற்கும் மசியாது என்பதால் புதுச் சரக்காகப் பார்த்து வாங்குங்கள்.

கொத்துக்கறிக்கு 71 டிகிரி
முழுத்துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அதையே இயந்திரத்தில் கொத்தும்போது மேலே இருந்த கிருமி உள்ளே முழுக்கக் கலந்துவிடும். அதனால்தான் முழுத்துண்டுக்கு 63 டிகிரி செல்சியஸ் போதும் என்று சொல்லும் அமெரிக்க வேளாண் துறை, கொத்துக்கறிக்கு 71 டிகிரி கேட்கிறது. 1993ல் சரியாக வேகாத ஹாம்பர்கரால் பரவிய ஈ.கோலை கிருமி 700க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி, 4 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அடுத்த ஆண்டே, அந்தக் கிருமி இருக்கும் கொத்துக்கறியை விற்கவே கூடாது என்று அத்துறை முடிவு செய்தது.

வதக்குவதில் இருக்கிறது வாசனை
கொத்துக்கறியை அப்படியே பானையில் கொட்டினால் தண்ணீர் விட்டு வெளுத்து வேகும், மணம் வராது. அகலமான சட்டியை நன்றாகக் காயவைத்து, கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கிளறிக்கொண்டே இருக்காமல், அடிப்பக்கம் சிவக்கும் வரை விட்டுவிட்டுப் பிறகு உடைத்து விடுங்கள். மிதக்கும் கொழுப்பை வடித்துவிட்டு, சட்டியில் ஒட்டியிருக்கும் பழுப்பை மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி பீன்ஸில் சேர்த்துவிடுங்கள். மொத்த ருசியும் அதில்தான். கடையில் 80/20 என்று எழுதியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு என்று பொருள். கூட்டத்துக்குச் செய்யும்போது 90/10 வாங்கினால் வடிக்கும் வேலை குறையும்.

ஐம்பது பேருக்கு எவ்வளவு?
உலர்ந்த பீன்ஸ் 2 கிலோ, கொத்துக்கறி 2 கிலோ, வெங்காயம் 1 கிலோ, கெச்சப் 1 லிட்டர், பழுப்புச் சர்க்கரை அரை கிலோ, கடுகு விழுது 100 கிராம், வினிகர் 150 மில்லி, உப்பு ருசிக்கு. ஆளுக்குச் சுமார் முக்கால் கப் வரும். ஊறி வெந்ததும் பீன்ஸ் இரு மடங்குக்கும் மேல் எடை கூடிவிடும். அதனால் பாத்திரத்தைப் பெரிதாகவே எடுங்கள். ஒரே ஆழமான அண்டாவை விட, அகலமான இரண்டு டிரேக்களில் பிரித்து 160 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைப்பது நல்லது. நடுவரை சீராகச் சூடேறும், மேலே ஆடைபோல் கருத்த பாகும் கட்டும். கடைசி அரை மணி மூடாமல் விடுங்கள்.

இரும்புச்சத்துக்குக் கூட்டாளி
பயறு வகைகளில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. அதே வேளைச் சாப்பாட்டில் இறைச்சியும் இருந்தால் உறிஞ்சும் அளவு கூடும். இறைச்சியை முதன்மையாக வைக்காமல், பீன்ஸுக்குத் துணையாகக் கொஞ்சம் சேர்த்தாலே இந்தப் பலன் கிடைத்துவிடும். செலவும் குறையும்.

அடுப்பை அணைத்த பிறகும் வேலை உண்டு
பெரிய அண்டா சமையலில் அதிகம் தொல்லை தருவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா. சமைக்கும் சூட்டையும் தாங்கும் வித்துகளாக ஒளிந்திருந்து, உணவு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் பல்கிப் பெருகும். ஆகவே பரிமாறும் வரை பீன்ஸ் 60 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. சூடேற்றி இல்லாத மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் காயும் நாளில் ஒரு மணி நேரம்தான். மிச்சத்தை அண்டாவோடு ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி ஆற ராத்திரி முழுக்க ஆகும். இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் தட்டையான பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மறுநாள் நடுவில் 74 டிகிரி வரும்வரை சுடவைத்துச் சாப்பிடுங்கள். ஒரு ராத்திரி ஊறிய பீன்ஸ் முதல் நாளை விட ருசியாக இருக்கும் என்பதால், விருந்துக்கு முந்தின நாளே செய்து இப்படி ஆறவைத்துக்கொள்வது கூட்டத்துக்குச் சமைப்பவருக்கு இரட்டை லாபம்.