கிரகணம் எந்த அரசனுக்கு?

2019 டிசம்பர் 26 காலை கோவை, ஈரோடு, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக ஒரு கங்கண சூரிய கிரகணம் கடந்து போனது. அடுத்த மூன்று மாதத்தில் ஊரடங்கு வந்துவிட்டது. கிரகணம்தான் கொரோனாவைக் கொண்டுவந்தது என்ற பேச்சு அப்போது வேகமாகப் பரவியது. இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. வூஹானில் நோய் கிரகணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சொல்லி இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அது போதாது. கிரகணத்தையும் வால்நட்சத்திரத்தையும் போரோடும் பஞ்சத்தோடும் அரசர்களின் சாவோடும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. கணிதத்திலும் தத்துவத்திலும் சிறந்து விளங்கிய சமூகங்களே அதை நம்பின. ஆகவே அந்த நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டப்படும் வரலாற்றையே எடுத்துச் சோதிப்பது நியாயம். அப்படிச் சோதித்தால், வானம் எதையாவது முன்கூட்டிச் சொன்னதற்குச் சாட்சியம் கிடைப்பதில்லை. நடந்து முடிந்தவற்றுக்கு மனிதர்கள் வானத்தில் காரணம் தேடியதற்கே சாட்சியம் குவிந்து கிடக்கிறது.

இந்தச் சாத்திரம் முறையாக வளர்ந்த இடம் மெசபடோமியா. ‘எனூமா அனு என்லில்’ என்ற தொகுப்பில், ஏறத்தாழ எழுபது களிமண் பலகைகளில், வானத்து நிமித்தங்களுக்குப் பலன்கள் எழுதி வைத்தார்கள். சந்திர பிம்பத்தை நான்காகப் பிரித்து அக்காத், ஏலாம், அமுர்ரு, சுபர்த்து என்று நாட்டுக்கு ஒரு பங்கு கொடுத்தார்கள். எந்தப் பங்கு இருள்கிறதோ அந்த நாட்டு அரசனுக்கு ஆபத்து. அந்த நேரத்தில் வியாழன் தெரிந்தால் அரசன் தப்பினான். தெரியாவிட்டால், கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரியாவை ஆண்ட எசர்ஹட்டோன் காலத்தில் செய்ததுபோல, வேறொருவனை அரியணையில் ஏற்றி, அதிகபட்சம் நூறு நாள் வரை வைத்திருந்து, பிறகு அவனைக் கொன்றார்கள். சாத்திரம் சொன்னபடி ஓர் ‘அரசன்’ செத்துவிட்டான்! உண்மையான அரசன் பிழைத்தால் பரிகாரம் பலித்தது, இறந்தால் நிமித்தம் பலித்தது. எப்படி நடந்தாலும் தோற்காத விதி எதையும் நிரூபிப்பதில்லை. ஆனாலும் அந்த அச்சத்தால்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிரகணங்களைக் குறித்து வைத்தார்கள். 18 ஆண்டு 11 நாளுக்கு ஒருமுறை கிரகணங்கள் அதே வரிசையில் திரும்பும் என்ற பெரிய கண்டுபிடிப்பும் அதிலிருந்தே வந்தது. அதற்காக அவர்களை மதிக்கவே வேண்டும்.

பொருத்தங்கள் இவ்வளவு கிடைப்பது ஏன் என்பதற்கு விடை எளிய கணக்கில் இருக்கிறது. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளைத்தான் ராகு, கேது என்கிறோம். ஏறத்தாழ 173 நாளுக்கு ஒருமுறை சூரியன் அவற்றில் ஒன்றின் அருகே வருகிறது. அப்போதெல்லாம் பூமியில் எங்காவது கிரகணம் உண்டு. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு சூரிய கிரகணங்கள் நடக்கின்றன. அப்படியானால் உலகில் எந்தப் போரும், எந்த நிலநடுக்கமும், எந்த மரணமும் ஏதாவது ஒரு கிரகண காலத்திலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் விலகி இருக்க முடியாது. 2004 சுனாமிக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு முழுச் சந்திர கிரகணம். 2010 ஜனவரி 15 அன்று ராமேசுவரத்திலும் யாழ்ப்பாணத்திலும் தெரிந்த கங்கண கிரகணத்துக்கு மூன்று நாள் முன்பு ஹெய்த்தியில் நிலநடுக்கம். பின்னால் நடந்ததையும் சேர்க்கலாம், முன்னால் நடந்ததையும் சேர்க்கலாம், கிரகணமே தெரியாத நாட்டையும் சேர்க்கலாம் என்றால் எதுதான் சேராது? போதாக்குறைக்கு, சூரிய கிரகணம் எத்தனை மணி நேரம் நீடித்ததோ அத்தனை ஆண்டுகளுக்கு அதன் பலன் இருக்கும் என்று பண்டைய வானியலாளர் தாலமி விதி வகுத்தார்.

வால்நட்சத்திரம் அபூர்வமானது, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று சொல்லலாம். அங்கே சிக்கல் வேறு: ஒரே வால்நட்சத்திரம் ஒருவருக்குச் சாவையும் இன்னொருவருக்கு முடியையும் சொல்கிறது. 1066 ஏப்ரலில் ஹேலி வால்நட்சத்திரம் இங்கிலாந்து வானில் தோன்றியது. செப்டம்பரில் படையெடுத்து வந்த நார்வே மன்னன் ஹரால்ட் ஹார்ட்ராடா மாண்டான். அவனை வென்ற ஆங்கில மன்னன் ஹரோல்ட் மூன்றே வாரத்தில் ஹேஸ்டிங்ஸ் போரில் விழுந்தான். நார்மண்டியின் வில்லியம் அரசனானான். மூவர் மீதும் ஒளிர்ந்தது அதே வால்நட்சத்திரம்தான். யாருக்குத் தீமை என்பது அக்டோபர் 14 மாலைக்குப் பிறகுதான் தெரிந்தது. கி.மு. 44இல் சீசர் கொலையுண்ட சில மாதங்களில் தோன்றிய வால்நட்சத்திரமோ, சீசரின் ஆன்மா தெய்வமானதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. அவருடைய வாரிசு ஆக்டேவியன் அதை நாணயத்தில் பொறித்தான்.

நிமித்தம் வரலாற்றை உண்மையிலேயே திருப்பிய இடங்களும் உண்டு. கி.மு. 413 ஆகஸ்டில் சிசிலியின் சிரக்யூஸ் நகரை முற்றுகையிட்டுத் தோற்றுக்கொண்டிருந்த ஏதென்ஸ் படை, கப்பலேறித் தப்ப ஆயத்தமாகியிருந்தது. அன்றிரவு சந்திர கிரகணம். மூன்று ஒன்பது நாள், அதாவது 27 நாள், அசையக் கூடாது என்று நிமித்திகர்கள் சொன்னார்கள். தளபதி நிசியாஸ் அப்படியே கேட்டார். அந்த இடைவெளியில் எதிரி துறைமுகத்தை அடைத்தான். கப்பல்கள் அழிந்தன, நிசியாஸ் கொல்லப்பட்டார், ஏழாயிரம் பேருக்குக் குறையாமல் சிறைபிடிக்கப்பட்டுக் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள். கிரகணம் பலித்தது என்று இதைச் சொல்லுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநீதி. தப்பி ஓடுகிறவனுக்கு இருட்டு நல்லதுதானே, அது நல்ல நிமித்தம் அல்லவா என்று பின்னாளில் பிலோகோரஸ் என்ற கிரேக்கரே எழுதியிருப்பதைப் பண்டைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். பலனை மாற்றிச் சொல்லியிருந்தால் படை பிழைத்திருக்கக்கூடும். சந்திரன் மாறியிருக்க வேண்டியதில்லை.

நம் இலக்கியமே சாட்சி சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. புறநானூற்றின் 229ஆம் பாடலில், விண்மீன் ஒன்று எரிந்து விழுந்ததைக் கண்டு கூடலூர் கிழார் தம் சேர மன்னனுக்காக அஞ்சுகிறார். ஏழாம் நாள் மன்னன் இறக்கிறான். அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் மன்னன் பிழைத்திருந்தால் அந்தப் பாட்டு பிறந்திருக்காது. அஞ்சி, ஒன்றும் நடக்காமல் போன இரவுகளை யாரும் பாடுவதில்லை. அதே நூலின் 117ஆம் பாடலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சனி புகைந்தாலும், தூமகேது தோன்றினாலும், வெள்ளி தெற்கே ஓடினாலும் பாரியின் நாட்டில் மழை பொய்க்கவில்லை என்கிறார் கபிலர். அதற்கு அவர் காட்டும் காரணம் செங்கோல்.

பஞ்சாங்கம் கிரகண நேரத்தைச் சரியாகச் சொல்லும்போது பலன் மட்டும் எப்படிப் பொய்யாகும் என்பது இன்னொரு கேள்வி. 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டு ஜூன் 1ஆம் தேதி சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்ற அதிகாரி அதைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிழை. இப்படிப் பிழையை அளக்க முடிந்ததால்தான் அந்தக் கணிதத்தின் பெருமையை உலகம் ஒப்புக்கொண்டது. கணக்கும் பலனும் ஒரே ஏட்டில் இருக்கலாம். அளந்து பார்க்கப்பட்டது கணக்கு மட்டுமே.

மிகக் கடினமான எதிர்வாதம் சயாம் மன்னர் மோங்குட்டின் மரணம். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின் நேரத்தையும் இடத்தையும் தாமே கணித்த அவர், வாகோ என்ற சதுப்பு நிலக் கடற்கரைக்கு அரசவையையும் ஐரோப்பிய விருந்தினரையும் அழைத்துச் சென்றார். கணக்கு பலித்தது. அங்கே பிடித்த மலேரியாவால் அக்டோபர் 1 அன்று மன்னர் இறந்தார். கிரகணம் அரசனைக் கொல்லும் என்ற பழைய சூத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. ஆனால் அவருக்கு நோயைத் தந்தவை அந்தச் சதுப்பின் கொசுக்கள். கூடப் போன மகன் சுலாலங்கோர்னும் காய்ச்சலில் விழுந்து, பிழைத்து, 1910 வரை ஆண்டார். அதே நிழல் அன்று காலை குண்டூரையும் கடந்தது. அங்கே நிறமாலைமானியோடு சூரியனின் தீக்கொழுந்துகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் அதன்பின் 39 ஆண்டுகள் வாழ்ந்தார்.