மேடைப் படமும் மைக்கின் கொல்லை வாசலும்

மார்கழிக் கச்சேரிகளுக்கு மேடை அமைப்பைப் படமாக வரைந்து சபாவுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருப்பதால், அதற்கான மென்பொருள்களுள் எதை வாங்கலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முப்பரிமாணச் சித்திரம், வர்ண விளக்குகள், தானே மேடையை அமைத்துத் தரும் செயற்கை நுண்ணறிவு என விளம்பரங்கள் அடுக்கும் பெருமைகளுள் பெரும்பாலானவற்றால் மைக் செட்காரருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கறுப்பு வெள்ளையில் அச்சாகி, மிக்ஸரின் ஓரத்தில் ஒட்டப்பட்டு, அரையிருட்டில் பார்க்கப்படப் போகிற காகிதம் அது. அது அவசியம் சொல்ல வேண்டியது, மைக் எத்திசை நோக்கி நிற்கிறது, வித்வான்களை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்பதுதான்.

மானிட்டரின் ஒலி மைக்கினுள் மீண்டும் புகுந்து சுற்றிச் சுற்றிப் பெருகினால் ஊளையாகிவிடும். இதைத் தடுக்கும் உபாயம் மைக்கினுள்ளேயே இருக்கிறது. எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத அதிசயம் அது. மைக்கின் மெல்லிய சவ்வை, முன்புறம் வந்த ஒலியும் பின்புறத் துவாரங்களில் புகுந்த ஒலியும் எதிரெதிராகத் தள்ளுகின்றன. வாசலும் கொல்லையுமுள்ள ஒரு வீட்டின் நடுவே, இருபக்கமும் ஆடும் கதவொன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொல்லைப் பக்கம் வந்த விருந்தினர் இருவருள் ஒருவர் அங்கேயே நுழைய, மற்றவர் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போகிறார். முன்னவரை வீட்டு அம்மாள் மோர் கொடுத்து, அந்தச் சுற்றுக்கு ஆகும் நேரம் மட்டும் நிறுத்திவைத்தால், இருவரும் ஒரே கணத்தில் கதவைத் தள்ளுவார்கள், கதவு அசையாது. அவர்களே வாசல் பக்கம் வந்தால், ஒருவர் உடனே தள்ள, மற்றவர் சுற்றிவந்து மோரும் குடித்துத் தாமதமாகச் சேர்வதால் கதவு நன்றாக ஆடும். பக்கவாட்டில் வந்தால் மோருக்கான தாமதம் மட்டுமே, ஆட்டமும் பாதி. இது கார்டியாய்டு மைக். மோருக்கான நேரத்தைப் பத்தில் ஆறு பங்காகக் குறைத்தால், நேர் பின்னால் வருவோர் கதவைச் சிறிது அசைத்துவிடுவர். முன்திசையிலிருந்து சுமார் 126 பாகை விலகிச் சாய்வாக வருவோருக்கே அது அசையாது. அது சூப்பர்கார்டியாய்டு. அம்மாளின் ஸ்தானத்தில் உள்ளே இருப்பவை, காற்றுக்குத் தடை தரும் துணியும் சிறு அறையும். ஆகவே மானிட்டர் முந்தையதற்கு நேர் பின்னாலும், பிந்தையதற்குச் சாய்வாகவும் கிடக்க வேண்டும்.

சரித்திரம் வேண்டுவோருக்கு: ஒற்றை டைனமிக் மைக்கில் இதைச் சாதித்தவர் ஷூர் கம்பெனியின் பெஞ்சமின் பாவர், அவருடைய யூனிடைன் 1939இல் வெளிவந்தது.

கோணம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: சில வருஷங்களுக்கு முன் நான் கேட்ட ஒரு கச்சேரியில் மிருதங்க வித்வான் இடக்கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலைப் பக்கம் சபையை நோக்க வேண்டுமாதலால் அத்தகையவர் பாடகரின் இடப்புறம் அமர, வயலின் வலப்புறம் மாற வேண்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளைக்காக அவ்வாறு மாறி உட்கார வயலின் வித்வான்கள் சிலர் இசையவில்லை என்பது சங்கீத உலகம் அறிந்த செய்தி. அன்று யாரும் மறுக்கவில்லை. ஆனால் வந்திருந்த படம் வலக்கைக்காரருக்கானது. மைக்குகளை அவசரமாக இடம் மாற்றியவர்கள் மானிட்டர்களைத் திருப்பவில்லை. வர்ணத்தின் முதல் ஆவர்த்தனத்திலேயே வயலின் மைக் கூவிற்று; வித்வான் வில்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆகவே மென்பொருளை வாங்குமுன், டிரம்ஸும் கிதாரும் நிறைந்த அதன் வாத்தியச் சின்னங்களின் தொகுப்பில் மிருதங்கமோ தம்புராவோ இல்லாவிட்டால், நம் படத்தைச் சேர்க்க இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சோதனைப் பிரதியில் ஒரு கச்சேரி மேடையைச் சபை கீழ்ப்புறமாக இருக்கும்படி வரைந்து, வயலினையும் மிருதங்கத்தையும் இடம் மாற்றிப் பாருங்கள். மானிட்டரைப் பாகைக் கணக்கில் திருப்ப முடிந்து, இன்புட் பட்டியலின் எண்களும் அந்தந்த வாத்தியத்துடனேயே நகர்ந்து, ஒரே பக்கத்துப் பிடிஎஃப் கோப்பாக வந்தால் வாங்கலாம். இல்லையேல், இலவசமாகக் கிடைக்கும் சாதாரண வரைபட மென்பொருளில் வலக்கைக்கு ஒன்றும் இடக்கைக்கு ஒன்றுமாக இரண்டு தாள்கள் தயாரித்து, இரண்டையும் அனுப்பிவிடுங்கள்.