காலடியில் ஒரு கோயில்

கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. கரிசல் காட்டின் நடுவே ஒரே ஒரு மொட்டைப் பாறை. கீழே தெருவில் நிற்பவர் கண்ணுக்கு அங்கே முருகன் கோயில்தான் தெரியும். வண்டியை விட்டு இறங்கி, பாறைமேல் நடந்துதான் பாருங்களேன். திடீரென்று காலடியில் பெரிய பள்ளம். அதற்குள்ளே ஒரு கோயில்!

அதுதான் வெட்டுவான் கோயில். 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்தது. எல்லோரா கைலாசநாதர் கோயிலும் இதே முறையில் உருவானதுதான். இங்கே சிகரம் முழுமை பெற்றுவிட்டது. கீழ்ப்பகுதி இன்னும் பாறையாகவே நிற்கிறது. குனிந்து பாருங்கள்: தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார். எளிதில் பார்க்கக் கிடைக்காத கோலம்!

இன்னும் கொஞ்சம் நடந்தால் பாறைச் சுவர் நெடுகச் சமணத் தீர்த்தங்கரர் வரிசை. சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்து. செய்வித்தவர்களின் பெயரும் ஊரும் அதில் இருக்கின்றன. தச்சர், குயவர் போன்ற உழைப்பாளிகளும் இருக்கிறார்கள். குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மன்னர் பெயரைவிட இந்த எளிய மனிதர்களின் பெயர்கள்தான் மனசைத் தொடுகின்றன.

நேயர்களே, அந்தப் பக்கம் போனால் வெயில் ஏறுமுன் மலை ஏறிவிடுங்கள். எழுத்துகள்மேல் கை வைக்காதீர்கள். பாறையில் உங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள்.